கைத்தொலைபேசிகளின் கடைவீதியிலே

ஹொங்கொங்கின் மேற்குக் கௌலூன் நிலையத்திலே விரைவுப் புகையிரதம் ஏறுவோர், கால்மணி நேரமளவில் ஷென்ஜென் நகரின் ஃபூத்தியன் நிலையத்தில் இறங்கிவிடலாம். (புகையே இல்லாத மின்வண்டியையும் புகையிரதம் என்பது நம் நாட்டு வழக்கு, வாசகர் பொறுத்தருள்க.) அங்கிருந்து சுரங்கப்பாதை வண்டியில் சில நிலையங்களைக் கடந்தால் ஹுவாச்சியாங்பெய் என்னும் கடைவீதி வந்துவிடும். உலகில் எவர் கையில் எந்தத் தொலைபேசி இருப்பினும், அதற்குப் பொருந்தும் உறுப்பு ஏதேனும் இவ்வீதியின் கடைமேசைகளில் விலைக்குக் கிடைக்கும் என்பர்.

ஷென்ஜென் மிக இளைய நகரம். மீன்பிடிக் கிராமமொன்று இரவோடிரவாகப் பெருநகராயிற்று என்று எழுதுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. கேட்க இனிய கதைதான். ஆயினும் முழு உண்மையன்று. 1979இல் அது நகரமாக்கப்பட்டபோதே அந்த மாவட்டத்திலே ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1980இல் விசேட பொருளாதார வலயம் அமைந்தது. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலோ மக்கள்தொகை 1 கோடியே 75 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஹுவாச்சியாங்பெய் முதலிலே தொழிற்சாலைப் பகுதியாக இருந்தது. 1988இல் அங்கே ஓர் இலத்திரனியற் சந்தை திறக்கப்பட்டது. தொழிற்சாலைகள் காலப்போக்கில் நகருக்கு வெளியே பெயர்ந்தன. அவற்றின் இடத்தைக் கடைகள் பிடித்துக்கொண்டன.

இன்று வீதி அகன்று, வாகனங்களின்றி, நடப்போருக்கென்றே விடப்பட்டிருக்கின்றது. ஆனால் வீதியிலே நின்று பார்ப்போருக்கு அதன் சிறப்புத் தெரியாது. இருமருங்கிலுமுள்ள மாளிகைகளுக்குள்ளே நுழைதல் வேண்டும். மாடிக்கு மாடி, கண்ணாடி மேசைகள் வரிசை வரிசையாக நீண்டு செல்கின்றன. ஒரு மேசையிலே கமரா வில்லைகள் மட்டும். அடுத்ததிலே மின்கலங்கள் மட்டும். இன்னொன்றிலே அரிசிமணியினும் சிறிய திருகாணிகள். மின்னுறுப்புகளோ சினிமாப் படச்சுருள்போலச் சுற்றிவைக்கப்பட்டிருக்கின்றன. அளந்து வெட்டிக் கொடுப்பார்கள். கணக்குப்பொறியில் எண்ணைத் தட்டிக் காட்டுவதே பேரம். சீனமொழி அறியாதவரும் விலை கேட்கலாம். பெட்டிகளைக் கட்டும் ஒட்டுநாடாவைக் கிழிக்கும் ஓசை இடையறாது கேட்டுக்கொண்டேயிருக்கும். சிற்சில மேசைகளுக்குப் பின்னே கடைக்காரரின் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதையும் காணலாம்.

இவ்வீதியின் ஆற்றலுக்கு ஒரு சான்று. 2017இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஒருவர் இச்சந்தைகளிலே உறுப்புறுப்பாக வாங்கிச் சேர்த்து, இயங்கக்கூடிய ஐபோன் ஒன்றைத் தாமே பூட்டி முடித்தார். அதற்கு முந்திய ஆண்டிலே அப்பிள் நிறுவனம் காதொலிக் கருவியைச் செருகும் துவாரத்தைத் தன் புதிய தொலைபேசியிலிருந்து நீக்கியிருந்தது. அவர் அத்துவாரத்தையும் மீண்டும் அதிலே பொருத்திக் காட்டிவிட்டார்!

மாணவ நண்பர்கள் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. தொலைபேசியின் புதிய வசதிகளெல்லாம் பெரிய நிறுவனங்களின் ஆய்வுகூடங்களிலேயே பிறப்பதாக நாம் நினைக்கின்றோம். இரண்டு சிம் அட்டைகளை ஒரே கருவியில் இடும் வசதி பரவிய வரலாறு வேறு. சென்ற நூற்றாண்டு கழிந்த சில ஆண்டுகளிலே, தாய்வானின் மீடியாடெக் நிறுவனம் தொலைபேசியின் மூளையாகிய சிப்பையும், அதைப் பூட்டும் முறையையும் சேர்த்தே விற்கத் தொடங்கிற்று. சமையற்குறிப்போடு மாவையும் கொடுத்ததுபோலாயிற்று அது. சிறு பட்டறைக்காரரும் தொலைபேசி செய்யலாயினர். இவர்களுடைய பொருள்களுக்கு ‘ஷான்ஜாய்’ என்று பெயர். அரசுக்கு அடங்காதோர் ஒளிந்து வாழும் மலைக்கோட்டை என்பது அதன் பொருள். சிகரெட்டுப் பெட்டி வடிவிலும் தொலைபேசி வந்தது. பிறர் பெயரைத் திருடிப் பொறித்த போலிகளும் ஏராளம். அவற்றுக்கு நாம் பரிந்து பேசவேண்டியதில்லை.

ஆயினும் போலி செய்தவர்களிடையிலேதான் வாடிக்கையாளரின் குறையைக் காதுகொடுத்துக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குப் பேசக் கட்டணம் அதிகம். ஓரிடத்தில் ஒன்றும் வேறிடத்தில் மற்றொன்றுமே எட்டும். ஏழை மக்கள் இரண்டு சிம் வைத்து மாற்றி மாற்றி இட்டுவந்தனர். பட்டறைக்காரர் இரண்டுக்கும் இடம் செய்து கொடுத்தார்கள். ஷென்ஜெனைத் தலைமையகமாகக் கொண்ட டிரான்ஷன் நிறுவனம் டெக்னோ என்ற பெயரில் இத்தகைய தொலைபேசிகளை ஆபிரிக்காவுக்கு அனுப்பிற்று. கருநிற முகங்கள் தெளிவாக விழும்படி கமராவையும் திருத்தியமைத்தது. பெருநிறுவனங்கள் பிந்தியே விழித்தன. 2018இல் அப்பிள் சீனச் சந்தைக்கென வெளியிட்ட ஐபோன்களில் இரண்டு சிம் அட்டைகளை இடும் தட்டு இருந்தது. கீழிருந்த வசதி மேலேறிச் செல்லப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

இவ்வீதியின் மற்றொரு செல்வம் திருத்துநர்கள். நுணுக்குக்காட்டியின் கீழே கையை அசையாது வைத்து, மயிரிழை போன்ற இணைப்புகளை ஒட்டும் அந்த இளைஞர்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அவர்களுடைய வேலை நாளுக்கு நாள் கடினமாகி வருகின்றது. முன்பு மின்கலத்தை நகத்தால் நெம்பி எடுத்தோம். இப்பொழுதோ பசையிட்டு மூடிவிடுகின்றார்கள். போதாததற்கு, உறுப்புகள் ஒன்றையொன்று அடையாளம் காணும்படியும் செய்துவிட்டனர். 2021இல் வெளிவந்த ஐபோன் 13இன் திரையை வெளியார் மாற்றினால், முகம் அறிந்து திறக்கும் வசதி நின்றுபோயிற்று. திருத்துநரோ பழைய திரையின் நுண்சிப்பைப் பெயர்த்துப் புதியதில் ஒட்டி அத்தடையைக் கடந்தனர். எதிர்ப்பு வலுக்கவே நிறுவனமும் அவ்வாண்டின் இறுதியில் மென்பொருளைத் திருத்திற்று. காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பொருளைத் தான் விரும்பியவரிடம் திருத்திக்கொள்ள உரிமை இல்லையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது.

வீதியும் மாறிக்கொண்டு வருகின்றது. தொலைபேசிகளுக்குப் பெயர்பெற்ற மிங்தொங் மாளிகை 2019இல் முகப்பூச்சும் வாசனைப் பொருளும் விற்கும் இடமாயிற்று! 2021 மே மாதம், நிலநடுக்கம் ஏதுமின்றியே சைகே கோபுரம் ஆடிற்று. 70 மாடிகளுக்கு மேற்பட்ட அக்கட்டடத்திலிருந்து மக்கள் அலறியடித்து ஓடினர். உச்சியிலிருந்த கம்பம் காற்றில் அதிர்ந்ததே காரணமெனக் கண்டு அதனைக் கழற்றினர். செப்டெம்பரிலே மீண்டும் திறந்தார்கள்.

மாலையானதும் மேசைகளைத் துணியிட்டு மூடுகின்றனர். வாயிலிலே தள்ளுவண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றிலே ஏற்றிய பொதிகளுக்குள் திரைகளும் மின்கலங்களும் நாடுநாடாகப் புறப்படுகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் திருத்துநரின் மேசைக்கு வந்துசேரும் உறுப்புகளிற் பல இத்தகைய பொதிகளிலிருந்தே பிரிக்கப்படுகின்றன.