மணியாச்சியில் வெடித்த துப்பாக்கி
எங்க ஊர் ஆழ்வார்திருநகரியில் வாஞ்சிநாதன் பேச்சு வந்தாலே, 'ரிவால்வர்ல என்னா குறிங்கிற!' என்பார் தாத்தா. அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியவர் வாஞ்சி. ஆனால், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் அவர் தூரத்தில் நின்று குறிபார்க்கவில்லை. கலெக்டர் ஆஷ் மனைவியுடன் உட்கார்ந்திருந்த முதல் வகுப்புப் பெட்டிக்கே போய், கிட்டத்தில் நின்று சுட்டார். அவ்வளவு நெருக்கத்தில் துப்பாக்கியின் துல்லியத்துக்கு என்ன வேலை? கை நடுங்காமல் இருந்தால் போதும். பிறகு கழிப்பறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டார். வயது 25. எனக்கும் இப்போது அதே வயதுதான்.

ஆஷ் தம்பதி கிளம்பியது கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க. வாஞ்சிக்காகக் காத்திருந்தவர் மனைவி பொன்னம்மாள். 'வாஞ்சி மணியாச்சி' போர்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு வீடுகளும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.