கோடும் மரப்பலகையும்

கோடு, கிழிப்பவர்க்கு எளிது. அதன் அருகே வாழ்பவர்க்கு அரிது. நடுவணரசு அலுவலகத்தில் நாள்தோறும் அடிக்கோலும் பேனாவும் கொண்டு கோடிழுக்கும் நமக்கு இவ்வுண்மையை உணர்த்தியவர், ஜரீனா என்னும் அச்சோவியர்.

1937இல் அலிகாரில் பிறந்த அவர், அங்கேயே கணிதம் பயின்றார். பாரிசில் ஹேய்ட்டர் என்பாரின் பட்டறையில் அச்சுக்கலை கற்றார். நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து 2020இல் மறைந்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின், 1959இல் அவர்தம் குடும்பத்தார் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தனர். அவருடைய படைப்புகளைத் திரட்டிய பெருங்காட்சி 2012இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஹாமர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, 2013இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்திற்கும் பின்னர்ச் சிகாகோவிற்கும் சென்றது. ‘தோல் போன்ற காகிதம்’ என்பது அதன் பெயர். அத்துணைத் தொலைவு செல்லும் பேறு நமக்கில்லை. அச்சிட்ட படங்களிற் கண்டே வியந்தோம்.

2001இல் அவர் ஆக்கிய ‘பிரிக்கும் கோடு’ என்னும் மரச்செதுக்கு அச்சில், வெண்தாளின் நடுவே கன்னங்கரிய கோடொன்று வளைந்து நெளிந்து இறங்குகிறது. அது இந்திய, பாகிஸ்தான் எல்லை. வேறொன்றும் அதில் இல்லை. மரச்செதுக்கில் உளிபட்ட இடம் வெண்மையாகும். உளிபடாது எஞ்சிய மேடே மையேற்றுத் தாளிற் பதியும். ஆகவே, கோடொன்று தோன்ற வேண்டுமாயின் அதன் இருபுறமும் உள்ள மரத்தையெல்லாம் சுரண்டியெறிய வேண்டும். எல்லை நிற்பதற்காக நிலம் வெறுமையாகிறது!

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று விழுந்த கோட்டிற்கு இப்பால் நம் காரோடு; அப்பால் களியக்காவிளை. பஞ்சாபிற் சிந்திய குருதியோடு இதனை ஒப்பிடுதல் தகாது. இங்கே முள்வேலி இல்லை, பேருந்தேறினால் அக்கரை. எனினும், இங்கும் ஓர் உளி ஓசையின்றி உழைத்தே வந்துள்ளது.

ஜரீனாவின் மற்றொரு படைப்பு, 1999இல் செய்த ‘இல்லம் ஓர் அந்நிய இடம்’ என்னும் முப்பத்தாறு அச்சுகளின் தொகுதி. ஒவ்வொன்றிலும் எளிய வடிவமொன்றும், அதனோடு ஓர் உருதுச் சொல்லும் உண்டு. வீடு, வாயிற்படி, கதவு, முற்றம் என்றவாறு. உருது அறிந்தவர் அதனைப் படிப்பர். அறியாதவர்க்கு அச்சொல்லும் ஒரு கோலமே.

இந்நிலை நமக்குப் புதிதன்று. நம் அம்மையார் தமிழில் எழுதிவைத்த வீட்டுக்கணக்கு நோட்டு இன்றும் பெட்டியில் இருக்கிறது. நம் மக்கள் வீட்டில் தமிழே பேசுகின்றனர். பள்ளியிற் கற்றதோ மலையாளமும் ஆங்கிலமும். பாட்டியின் எழுத்தை அவர்கள் அழகிய படமாகப் பார்க்கின்றனர், படிக்க அறியார். பேச்சு எஞ்சியிருக்க, எழுத்து மட்டும் செதுக்குண்டு போயிற்று. மலையாளத்தின்மேல் நமக்கு மனக்குறை ஏதுமில்லை. அதுவும் நம் முற்றத்து மொழியே. ஒன்றைக் கற்க மற்றொன்றை இழக்க வேண்டுமோ என்பதே நம் வினா.

செதுக்கிய மரம் மீண்டும் வளராது. மொழிக்கு அவ்விதி இல்லை. ஆதலின், அந்த நோட்டையே பாடநூலாகக் கொண்டு, ஞாயிறுதோறும் ஒரு சொல்லாக மக்களுக்குக் கற்பித்து வருகிறோம். இதுவரை அரிசி, உப்பு, கடன் என்னும் மூன்றும் முடிந்தன. ஏடு இன்னும் நிரம்ப இருக்கிறது.