குமிழைத் திருகுமுன் கூரையைக் கவனியுங்கள்

திருவனந்தபுரம் எல்.எம்.எஸ். வளாகத்தில் 1906இல் கட்டிய மட்டீர் நினைவு ஆலயம் (ஊர்வாயில் எம்.எம். சர்ச்) ஒலிபெருக்கிக் காலத்துக்கு முந்தியது. இப்படிப்பட்ட ஆலயங்களின் உயர்ந்த கூரையும் கடினச் சுவரும் பாட்டை நீட்டி அழகாக்கும். அதே முழக்கம் பிரசங்கத்தின் மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். ஆகவே ஒலி மிக்சரில் உட்காரும் தன்னார்வலர் முதலில் பழக வேண்டியது குறைக்கும் கலை. ஒலியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும், தெளிவு கூடாது. மாறாக, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். அந்த அளவு கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) இறக்கலாம், ஊளைச்சத்தமும் அடங்கும். காசு செலவில்லாத வைத்தியம், ஆனால் பிரசங்கியாரிடம் போய்ச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும்!

டிஜிட்டல் மிக்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாதா என்பார்கள். மைக்கை அது நகர்த்தித் தராது. மேலும், மனித உடல் ஒலியை உறிஞ்சும். 1895 முதல் ஹார்வர்டில் வாலஸ் சபின் இருக்கை மெத்தைகளை அடுக்கி அளந்ததும் இந்த உறிஞ்சுதலைத்தான். சனிக்கிழமை வெற்று ஆலயத்தில் சேமித்த அளவு, ஞாயிறு நிறைந்த சபைக்கு அப்படியே பொருந்தாது. கூலிக்கு ஆள் வைக்கலாமே என்றால், பண்டிகைக்குச் சரி. எந்த வாசகர் வசனத்தின் கடைசியில் குரலைத் தாழ்த்துவார் என்பது வாரந்தோறும் அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.