தண்ணீர் ஏறுவதற்குள்

இமாச்சலத்தில் கிராம்ஃபூவிலிருந்து படால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். தேசிய நெடுஞ்சாலை 505 என்று பெயர். நான் போனபோது அந்த நெடுஞ்சாலை பாதி தூரம் சந்திரா ஆற்றங்கரையின் உருண்டைக் கற்கள், மீதி ஓடைத் தண்ணீர். நாலைந்து மணி நேரம் பிடிக்கும்.

மலைப்பாதை என்றால் நமக்குக் கொண்டை ஊசி வளைவுதான் பயம். இங்கே பயமெல்லாம் பாதையின் குறுக்கே இறங்கும் பனி ஓடைகளிடம். ‘நாலா’ என்கிறார்கள். இரவுக் குளிரில் பனி உருகுவது அடங்கிவிடுவதால் விடியற்காலையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வெயில் ஏறி, பனி உருகி, அந்த நீர் கீழே வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். அப்போது அதே இடத்தில் முழங்காலுக்கு மேல் ஓடும். சாம்பல் கரைத்த மோர் மாதிரி நிறம்; அடியில் கிடப்பது கல்லா குழியா என்று தெரியாது. கற்கள் உருண்டு மோதும் சத்தம் மட்டும் வண்டிக்குள் கேட்கும். இந்தப் பாதையில் ஓட்டுநர் திறமையில் முக்கால் பங்கு, சீக்கிரம் எழுந்திருப்பது.

மீதிக் கால் பங்குக்குத்தான் ஃபோர் வீல் டிரைவ் எல்லாம். லோ ரேஞ்சில் போட்டு, முதல் கியரில் இறங்கி, கிளட்சைத் தொடாமல் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். குறுகலான இடம் சுலபம்போலத் தோன்றும். ஆழமும் இழுப்பும் அங்கேதான். பரந்து சலசலக்கிற இடமே நல்லது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நான் கரையில் நிற்கையில், இமாச்சல அரசுப் பேருந்து ஒன்று குலுங்கியபடி வந்தது. கண்டக்டர் இறங்கி, கல்லுக்குக் கல் தாவி அக்கரை போய் விசில் ஊதினார். டிரைவர் இடது சக்கரத்தை ஒரு பாறை விளிம்பில் ஏற்றி, வண்டி சாய்ந்த வாக்கிலேயே கடந்துவிட்டார். ஜன்னலோரப் பாட்டிக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை. அதே தடத்தைப் பிடித்து நானும் போனேன். போட்டோவுக்காகத் தண்ணீரை வாரியடித்துப் பாய்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். ஏர் ஃபில்டர் வழியாக என்ஜினுக்குள் நீர் புகுந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும். பின்னால் வருகிறவர்களுக்கும் வழி கிடையாது.

2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் மணாலியிலிருந்து இந்தப் பாதை தொடங்கும் லாஹௌல் பகுதிக்கு வருவது எளிதாகிவிட்டது. இந்தச் சாலையையும் சீர்படுத்திவருகிறார்கள். சாகசம் போச்சே என்று அலுத்துக்கொள்வது சுற்றுலாக்காரர்கள்தான். படால் டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த லாரிக்காரருக்கு அந்த அலுப்பு விளங்கவே இல்லை. ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் பச்சைப் பட்டாணி மூட்டைகளோடு குன்சும் கணவாய் இறங்கி வந்தவர், தண்ணீர் வடிய மறுநாள் காலைவரை காத்திருக்கவேண்டும். பட்டாணி வாடினால் விலை இறங்கிவிடும். தார் எப்போது போடுவார்கள் என்று என்னிடமே கேட்டார்.