மூன்று இலக்குத் தாள்கள்

முப்பது வருடங்களுக்கும் மேலாகத் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் நான். 'இனந்தெரியாத நபர்கள் சுட்டதில்', 'தலையில் சன்னம் பாய்ந்து', 'சம்பவ இடத்தில் வெற்று ரவைக் கோதுகள் மீட்கப்பட்டன' என்றெல்லாம் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அந்தக் கோதின் அடிப்புறத்தில் பொட்டு வைத்தாற்போல் காணப்படும் சிறு வட்டம் யாது என்று ஒருநாளும் நான் விசாரித்ததில்லை. ஓய்வுபெற்ற பின்னர், 2023ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அதனை அறிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெரியில் 1907ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு இளமை முதல் சென்று வருபவர். அவர் கடையில் ரவை வாங்குவதில்லை. கார்க் கொட்டகையின் ஒரு மூலையில் மேசை போட்டு, சுட்ட கோதுகளைச் சுத்தம் செய்து, தாமே மீண்டும் நிரப்பிக்கொள்கிறார். முதல் நாள் அந்த மேசையருகே நின்றபோது எனக்கு உள்ளூர நடுக்கம். வீட்டில் ஒரு ரவை அகப்பட்டதற்காக வருடக்கணக்கில் சிறையிருந்தவர்கள் பலரை அறிந்த நாட்டிலிருந்து வந்தவனல்லவா?

ஒரு முழு ரவையில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கோது, வெடிமருந்து, சன்னம், பிரைமர். அந்தப் பொட்டுத்தான் பிரைமர். பெரிய வகையின் விட்டம் 5.3 மில்லிமீற்றர், சிறிய வகை 4.4 மில்லிமீற்றர். அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு துளி அளவில் அடித்தால் தீப்பற்றும் கலவை இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அதன் முதுகில் குத்துகிறது. கலவை நசுங்கித் தீச்சுவாலை எழுகிறது. கோதின் அடியிலுள்ள நுண்துளை வழியாக அது பாய்ந்து வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. தீபாவளிக்கு விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்துச் சுட்ட பொட்டு வெடியும், வன்னியில் வேட்டைக்காரர் இடியன் துவக்கில் செருகிய கேப்பும் இதற்கு உறவுமுறைதான். இந்தக் குடும்பத்தின் மூதாதையரைத் தேடினால் ஒரு பாதிரியார் வந்து நிற்கிறார். ஸ்கொத்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்சைத் என்ற மதகுரு, அடித்தால் தீப்பற்றும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். பழைய துப்பாக்கியின் வெளிப்பொறியைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவதே அவருக்கிருந்த குறை.

பிரைமர்கள் எல்லாம் ஒன்றல்ல. வழமையானவை, மக்னம் எனப்படும் கூடிய வெப்பமுள்ளவை, போட்டிக்கென ஒரே சீராகச் செய்யப்பட்டவை என வகைகள் உண்டு. அதிக மருந்து கொள்ளும் பெரிய கோதுகளுக்கும், எளிதில் பற்றாத உருண்டை மருந்துக்கும், கடுங்குளிருக்கும் மக்னம் உதவும். சிறிய கோதில் அதே சுவாலை மிகையாகலாம். 1970களின் நடுப்பகுதியில் பல்மிசானோ, பின்டெல் என்ற இருவர் உருவாக்கிய பிபிசி ரவை, மேசையில் வைத்துச் சுடும் போட்டிகளில் கொடிகட்டிப் பறந்தது. அதில் இருந்தது சிறிய பிரைமர். இன்னொன்றையும் அவர் விரல் நீட்டிச் சொன்னார். பிரைமரின் வகையையோ தயாரிப்பையோ மாற்றினால் கோதுக்குள் எழும் அழுத்தமும் மாறும். ஆகவே மருந்தைக் குறைத்து, கையேட்டின்படி அடியிலிருந்து மீண்டும் படிப்படியாக வரவேண்டும். அதைச் செய்யாத ஒருவருக்கு ஒரு விரல் இல்லையாம்.

மேசைக்கு மேலே சுவரில் மூன்று இலக்குத் தாள்கள் பழுப்பேறித் தொங்கின. 2001ஆம் ஆண்டுத் திகதி இட்டவை. ஒவ்வொன்றிலும் ஐந்து துளைகள். ஒன்றில் ஐந்தும் ஒரு சதக் காசால் மூடத்தக்க நெருக்கம். மற்ற இரண்டும் பரந்து கிடந்தன. நெருங்கியது அவருடைய பிரைமர். பரந்தவற்றில் ஒன்று அவருடைய நெருங்கிய நண்பர் பயன்படுத்தியது. அன்று முதல் அந்தப் பிரைமர் குப்பை என்பது அவரது முடிவு. நண்பரோ, ஐந்து ஐந்து வெடியை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். போட்டிக் களத்தில், பலர் முன்னிலையில் வாய்த்தர்க்கம் முற்றியது. முப்பது வருட நட்பு அத்துடன் முறிந்தது.

நண்பர் 2021இல் காலமானார். அப்போது அமெரிக்கா எங்கும் பிரைமருக்குப் பெருந்தட்டுப்பாடு. கடைகளில் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன; கிடைத்தாலும் விலை பல மடங்கு. இவரிடமிருந்த கையிருப்பு தீரும் தறுவாயில் நண்பரின் மனைவி தேடிவந்து, ஆயிரம் ஆயிரமாக இரண்டு பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே 'குப்பை'தான். வேறு வழியில்லை.

இம்முறை அவர் அவசரப்படவில்லை. இரண்டுக்கும் உரிய மருந்தளவைத் தனித்தனியே மெல்ல மெல்லக் கண்டறிந்தார். பின்னர் ஒரே கோது, ஒரே மருந்து, ஒரே சன்னம். இரண்டு பிரைமர்களையும் மாறி மாறி, நாற்பது நாற்பதாக, பல நாட்களில் சுட்டார். 100 யார் தூரத்தில் வித்தியாசமே இல்லை. ஒரே பிரைமரின் ஐந்து வெடிக் கூட்டங்களிலேயே ஒன்று மற்றதைவிட இரு மடங்கு பரந்து வந்தது. பத்துக் கூட்டம் சுட்டால் அப்படி வருவது இயல்பு. அதில் வெறும் தற்செயலைத் தவிர எதுவுமில்லை. சுவரில் தொங்கிய 'ஆதாரமும்' அத்தகையதே.

ஆனால் பிரைமருக்கு வேலையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதன் குணம் சன்னத்தின் வேகத்தில் தெரிகிறது. சுவாலை சீரில்லாதபோது ஒவ்வொரு வெடிக்கும் வேகம் கூடிக் குறைகிறது. நொடிக்கு 2600 அடி வேகத்தில் செல்லும் சன்னத்தில் 20 அடி வித்தியாசம் 100 யாரில் மயிரிழைதான். அதே 20 அடி, 1000 யாரில், அதாவது 914 மீற்றரில், ஏழு அங்குலம் அளவுக்கு மேலோ கீழோ கொண்டுபோய்விடும். அங்கே நடுவளையத்தின் அகலமே பத்து அங்குலம். எனவே வேகமானியை முன்னால் வைத்து அளந்தார். வேகம் குறைவாகச் சிதறியது நண்பரின் பிரைமரில்தான். தொலைதூர இலக்கிலும் துளைகள் மேலும் கீழும் அலையாமல் நின்றன.

"என் துவக்குக்கும் இந்த மருந்துக்கும் மட்டும்தான் இது. வேறொருவருக்குத் தலைகீழாக வரலாம்" என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பின் நான் வெகுநேரம் பேசவில்லை. எண்பதுகளில் ஒருமுறை, ஒரு கிராமத்தில் நடந்த சூட்டுச் சம்பவத்துக்கு இன்ன தரப்பினரே பொறுப்பு என்று மூன்று பேரின் வாய்மொழியை வைத்து எழுதினேன். மூவர் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அந்த மூவரும் ஒரே ஆளிடம் கேட்டதைச் சொன்னவர்கள் என்பது பத்து நாள் கழித்துத் தெரியவந்தது. ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போட்டோம். அதற்குள் இரண்டு குடும்பங்கள் அந்த ஊரைவிட்டு வெளியேறியிருந்தன. அவர்கள் திரும்பினார்களா என்று போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பின்னர் யுத்தம் அந்த ஊரையே இல்லாமலாக்கிவிட்டது. இதை அவரிடம் சொன்னேன். ஆறுதல் எதுவும் கூறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அது நல்லதாகப்பட்டது.

"இன்னும் ஏன் அந்தத் தாள்களைக் கழற்றவில்லை?" என்று புறப்படும்போது கேட்டேன். எழுந்து சென்று நடுத்தாளின் ஓரத்தைக் காட்டினார். பென்சிலில் மங்கலாக, வேறொருவர் கையெழுத்தில் இருந்தது: 'இன்னும் முப்பது சுடு.' சண்டை நடந்த அன்று நண்பர் கிறுக்கியதாம்.

அவருடைய மனைவியிடம் முடிவைச் சொன்னீர்களா என்றேன். சொன்னாராம். அந்த அம்மையார் சற்றுநேரம் விளங்காமல் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். இத்தனை வருடமும், இருவருக்கும் ஏதோ பணக் கொடுக்கல் வாங்கலில் பிணக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தாராம்.