அட்டைப்பெட்டியில் ஓர் ஒத்திகை

2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்றார்கள். திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தைக்கு அப்போது 81 வயது. வீட்டிலேயே போட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் வரம்பை 85 ஆக்கிவிட்டார்கள், அத்தைக்கு 84. மூன்று வருடம் கூடுதலாக மூப்படைந்த பிறகு வாக்குச்சாவடிக்குப் போக வேண்டியதாயிற்று. எண்பதையே வைத்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அத்தைக்கோ ஒரே சந்தோஷம். “67-லேருந்து பள்ளிக்கூடத்துல போய்ப் போட்டவ நான். வீட்டுல போட்டது ஓட்டு மாதிரியே இல்லல” என்றார்.

ஆனால் அவர் மெஷினைத் தொட்டு ஐந்து வருடமாகியிருந்தது. இடையில் கண்புரை அறுவை சிகிச்சை. கை நடுக்கம் வேறு. “நீங்க கூடப் போய் அழுத்திடுங்க” என்றான் அவர் பேரன். கண் தெரியாதவர்கள், பட்டனை அழுத்த முடியாதவர்களுடன் 18 வயது நிரம்பிய ஒருவர் உள்ளே போக விதி இடம் தருகிறது. அத்தைக்குக் கண்ணும் தெரிகிறது, விரலும் இருக்கிறது. பிறகு நான் எதற்கு?

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தேன். கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணி என்று வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் ஒரு நீலச் சட்டைப் பித்தானை ஒட்டினேன். முதல் தடவை அத்தை பூசணிக்காயின் மேலேயே விரலை வைத்து அழுத்தினார். “படத்துல இல்ல அத்தை, பக்கத்துல.” அடுத்த தடவை பித்தானைத் தொட்டதும் விரலை எடுத்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்து, ‘பீப்’ சத்தம் கேட்கும்வரை விரலை எடுக்கக் கூடாது என்று சொல்லி, நானே வாயால் சத்தம் கொடுத்தேன். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடிதான் தெரியும். ஆகையால் புது மூக்குக்கண்ணாடியை மறக்கக் கூடாது. மூன்று நாள் சாயங்காலம் பழகினோம். எந்தக் கட்சியின் பெயரையும் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன்.

ஏப்ரல் 19. வெயில் ஏறுமுன் ஏழு மணிக்கே கிளம்பினோம். ரேஷன் கார்டை எடுத்து வைத்திருந்தார். அது செல்லாது, பூத் சிலிப் மட்டும் இருந்தாலும் போதாது என்று சொல்லி, வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்தோம். வாசலில் பார்த்ததுமே காவலர் அத்தையை வரிசையில் நிறுத்தாமல் உள்ளே அனுப்பினார்.

நான் கதவோரம் நின்றேன். மறைப்புக்குப் பின்னால் அத்தையின் சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. நேரமாயிற்று. அதிகாரி எழுந்து பார்த்தார். “நான் போகட்டுமா?” என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நீளமாக ஒரு ‘பீப்’. மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை வந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தால், பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறகு ஓர் அட்டையும் நாலைந்து பித்தானும் போதும்.