நடுக்கோடு

ஜூலை 21, திங்கள்

அயனம்பாக்கத்து டீச்சரம்மாவின் ஆறு டைனிங் நாற்காலிகளும் காலையில் மினி வேனில் வந்து இறங்கின. நல்ல தேக்கு. மரத்தில் ஒரு குறையும் இல்லை, ரெக்சின்தான் செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது. துணி எடுக்கக் கடைக்குப் போக வேண்டாம் என்று அவரே ஒரு பையை நீட்டினார். உள்ளே இரண்டு பவானி ஜமக்காளம். அவருடைய அம்மா வாங்கி வைத்தது, விரித்தது நாலைந்து தடவைதான் என்றார். நாப்தலின் வாசம் இன்னும் போகவில்லை.

"தம்பி, இது ரெண்டுக்குள்ள முடிச்சிடணும். இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்காது."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பட்டைகளைச் சரியாகப் பார்த்தேன். சிவப்பு 4 இன்ச், கருப்பு அரை இன்ச், பச்சை 4 இன்ச், மறுபடி கருப்பு அரை. அடுத்தது பழையபடி சிவப்பு. 9 இன்சுக்கு ஒரு சுற்று.

ஜூலை 22, செவ்வாய்

இன்று கத்தரியைத் தொடவில்லை. தரையில் விரித்து நாள் முழுக்கக் கணக்குதான்.

ஒரு ஜமக்காளம் 72-க்கு 48 இன்ச். 24 இன்ச் சதுரமாக வெட்டினால் ஆறு துண்டு, இரண்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு. ஆறு சீட்டு, ஆறு முதுகு. ஒரு விரல் துணிகூட வீணாகாது. கடைத் தம்பி சந்தோஷமாக, "அண்ணே, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்றான். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

பட்டையைப் பார்த்து வெட்டினால் கணக்கே வேறு. கோடு முதுகின் உச்சியிலிருந்து இறங்கி, சீட்டில் ஏறி, முன் விளிம்பு வரை ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். அது சுலபம். பட்டை ஓடும் 48 இன்ச் வாக்கில் ஒரு நாற்காலிக்கு ஒரு நீளத் துண்டு எடுத்து, மேல்பாதியை முதுகுக்கும் கீழ்ப்பாதியை சீட்டுக்கும் வைத்தால் தானாகவே சேர்ந்துவிடும். ஒரு ஜமக்காளத்தில் மூன்று நாற்காலி. சிக்கல் நடுவில் இருக்கிறது. 24, 24 என்று வெட்டினால் மையத் துண்டில் சிவப்பு சரியாக நடுவில் உட்காரும். இரண்டு பக்கத் துண்டிலும் பச்சை ஒன்றரை இன்ச் ஒதுங்கிவிடும், ஒன்றில் இடது, ஒன்றில் வலது. ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்பதுபோல் தெரியும்.

போன வருஷம் ஒரு வீட்டு சோபாவில் இந்தத் தப்பைச் செய்தேன். மூன்று மெத்தையில் நடு மெத்தையின் கோடு அரை இன்ச் விலகிவிட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, காசையும் குறைக்கவில்லை. அந்த அரை இன்ச் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மில் துணி என்றால் இந்தக் கவலை இல்லை. 54 இன்ச் அகலம், ரோல் முழுக்க ஒரே டிசைன். ஒரு துண்டுக்கு ஒரு சுற்று கூடுதலாக வாங்கினால் போதும். இங்கே கூடுதல் என்பதே கிடையாது.

ஜூலை 23, புதன்

ராத்திரி தூக்கத்துக்கு நடுவில் வழி புலப்பட்டது. முழுச் சுற்று 9 என்றால் பாதிச் சுற்று நாலரை. சிவப்பின் நடுவும் ஒரு நடு, பச்சையின் நடுவும் ஒரு நடு. துண்டு அகலத்தை 24-லிருந்து இருபத்திரண்டரையாகக் குறைத்தால் ஐந்து பாதிச் சுற்று. அப்படி வெட்டினால் மூன்று துண்டுக்கும் நடு கிடைக்கிறது: பச்சை, சிவப்பு, பச்சை. இரு ஓரத்திலும் இரண்டேகால் இன்ச் மிஞ்சுகிறது.

சீட்டின் முன்பக்கம் 18 இன்ச். ஒரு பக்கத்துக்கு இரண்டேகால்தான் இருக்கும். ஒன்றரை இன்ச் ஃபோமைச் சுற்றி இறங்கியபின், அடியில் பின் அடிக்க முக்கால் இன்ச். பிடித்து இழுக்கக் கைக்கு ஒன்றும் இருக்காது. அதற்குக் காடாத் துணியை 3 இன்ச் பட்டையாகக் கிழித்து நாலு ஓரத்திலும் தைத்துக்கொள்ளலாம். இழுபடுவது காடா, வெளியில் தெரிவது ஜமக்காளம். அப்பா செய்வார்.

டீச்சரம்மாவுக்கு போன் போட்டேன். நாலு நாற்காலி பச்சை நடு, இரண்டு சிவப்பு நடு, சம்மதமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சிவப்பை மேசையோட ரெண்டு தலைமாட்டுலயும் போட்டுக்கறேன் தம்பி" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் படையல் வைத்துவிட்டு மதியம்தான் கடை திறந்தேன்.

சாக்பீஸால் நடுக்கோடு போடும்போது டேப்பை நம்ப முடியவில்லை. 9 இன்ச் என்று நான் எழுதியது ஒரு சுற்றில் எட்டே முக்கால், இன்னொன்றில் ஒன்பதேகால். தம்பி, நெய்தவர் தப்பு செய்துவிட்டாரா என்று கேட்டான். தப்பு இல்லை. குழித்தறியில் உட்கார்ந்து மனிதன் கையால் அடிக்கிற அடி காலையில் ஒரு மாதிரி விழும், சாயங்காலம் ஒரு மாதிரி விழும். 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 11 வகைத் துணியில் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சீமைத் துணி வந்து குவிந்த 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிழைக்க வழி தேடி பவானி நெசவாளர்கள் முரட்டு நூலில் கண்டுபிடித்த சரக்கு இது. அந்தக் கை அளவுக்கு நான்தான் வளைந்து கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு பட்டையின் நடுவையும் கண்ணால் பார்த்து, மடித்துச் சரிபார்த்துக் குறித்தேன்.

சிவப்பின் நடுவில் வருஷக்கணக்கான மடிப்புத் தடம் ஒன்று ஓடியது. குறிக்க அதுவே உதவியது. அப்புறம் ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்ததில் தணிந்துவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. திருவேற்காட்டுக்குப் போகிற கூட்டம் விடியற்காலையிலிருந்தே ரோட்டில். பூந்தமல்லி நெடுஞ்சாலைத் தூசி கடைக்குள் வராமல் இருக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் வெட்டினேன்.

வெட்டினால் முரட்டு நூல் பிரிந்துவிடும். அதனால் வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் மிஷின் தையல், பிறகு நடுவில் கத்தரி. 21ஆம் நம்பர் ஊசி போட்டும் இரண்டு உடைந்தன. முதல் வெட்டின்போது தம்பியைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். பன்னிரண்டு துண்டும் குறைவில்லாமல் வந்தன.

ஜூலை 27, ஞாயிறு

நேற்றும் இன்றும் பின் அடிக்கிற வேலை. சீட்டு பின்னால் 16 இன்ச்தான், முன்னால் 18. அகலம் குறுகினாலும் கோடு நேராகத்தான் ஓடும், ஆகவே ஓரப் பட்டைகள் சாய்வாக வெட்டுப்படும். இடமும் வலமும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டால் கண் அதைக் கவனிக்காது. நடு கால் இன்ச் நகர்ந்தால் போதும், ஓரத்தில் இரண்டு பக்கத்துக்கும் அரை இன்ச் வித்தியாசம் காட்டிக் கொடுக்கும். முன் நடுவில் ஒரு பின், பின் நடுவில் ஒரு பின், பிறகுதான் பக்கங்கள். ஒரே இடத்தில் வலித்து இழுத்தால் கோடு வில்லாக வளைகிறது. மூன்றாவது சீட்டில் அப்படி வளைந்தது. பதினேழு பின்னையும் பிடுங்கி மறுபடி அடித்தேன். தம்பி கை வலிக்கிறது என்றான், எனக்கும்தான்.

முதுகின் வெளிப்பக்கத்துக்கு மெரூன் கேஸ்மென்ட்.

ஜூலை 29, செவ்வாய்

கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. பச்சை நாலும் நீளப் பக்கங்களில், சிவப்பு இரண்டும் தலைமாட்டில். வாசலில் நின்று பார்த்தால் எதிரெதிர் நாற்காலிகளின் பச்சை ஒரே வரிசையில் நிற்கிறது. டீச்சரம்மா ஒவ்வொரு முதுகையும் தடவிக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தார். மிச்சத் துணி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டேகால் இன்ச் அகலத்தில் நாலு பட்டை இருந்தது. சுருட்டிக் கொடுத்தேன். பேத்தியின் ஊஞ்சல் மணையில் கட்டுவதாகச் சொல்லிவிட்டு, பழைய பையிலேயே போட்டு வைத்துக்கொண்டார்.